மார்ஜின் விட்டு எழுதவும்

சென்ற வாரம் ஒரு மாலை, என் பேரன் புதிதாக வாங்கிய நோட்டுப் புத்தகங்களை என் மேஜை மீது பரப்பிக்கொண்டு, அடிக்கோலை வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பென்சிலைப் பிடித்த விரல்களில் அப்படி ஒரு கவனம்.

"என்னடா செய்கிறாய்?" என்றேன்.

"மார்ஜின் போடறேன் தாத்தா. மிஸ் போடச் சொன்னாங்க."

"மார்ஜின் என்றால் என்ன?"

"மார்ஜின்னா மார்ஜின்தான்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஏதோ தோன்றியவனாக, "தமிழ்ல அதுக்கு என்ன தாத்தா?" என்று கேட்டான்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் நான். உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். "ஓரம்" என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. ஓரம் என்றால் கோணிப்பைக்கும் ஓரம் உண்டு, தெருவுக்கும் ஓரம் உண்டு. இவன் கோடு போட்டு ஒதுக்கி வைக்கிற இந்த வெற்றிடம் வெறும் ஓரமா? விளிம்பு என்றாலும் பொருந்தவில்லை. விளிம்பு கிண்ணத்துக்கு, கிணற்றுக்கு. வரம்பு என்றால் வயலின் நினைவு வருகிறது. கரை என்றால் புடவை. அப்புறம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணம் அகராதி அல்ல. "மார்ஜின் விட்டு எழுதவும்" என்று ஒரு காலத்தில் நானே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எங்கே, யாருடைய நோட்டில் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் நேரே அங்கே போவதற்கு மனம் கூசுகிறது. கொஞ்சம் சுற்றிப் போகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்ததும் ஆங்கில அகராதிகளை எடுத்துப் புரட்டினேன். லத்தீன் மொழியில் 'மார்கோ' என்று ஒரு சொல். விளிம்பு, கரை, எல்லை என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் புகுந்தபோது கடலின் கரைக்கும் ஏரியின் கரைக்கும்தான் முதலில் பெயராக நின்றிருக்கிறது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஏட்டின் பக்கத்தில் எழுத்துக்கு வெளியே கிடக்கும் இடத்துக்கும் அதே பெயர் வந்துவிட்டது. நல்ல உவமைதான். எழுத்து நீர்ப்பரப்பு, வெள்ளைத்தாள் அதன் கரை.

இதைவிட என்னை வியக்க வைத்தது அந்தச் சொல்லின் உறவுமுறை. லத்தீனின் மார்கோவும் பழைய ஜெர்மானிய மொழிகளில் எல்லையைக் குறித்த 'மார்க்' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. பாரசீகத்தில் எல்லையைக் குறிக்கும் 'மர்ஸ்' என்பதும் அந்தக் குடும்பந்தான். எல்லை என்று பொருள்பட்ட மார்க், பிறகு எல்லையில் நட்ட அடையாளத்தைக் குறித்தது. பிறகு எந்த அடையாளத்தையும் குறித்தது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் பையன்களின் விடைத்தாளில் வாத்தியார் இடும் எண்ணாகவும் வந்து நின்றது. அவர் எழுதுகிற 'ரிமார்க்' இருக்கிறதே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, என் பேரனுடைய நோட்டில் மார்ஜின், மார்க், ரிமார்க் என்று பங்காளிகள் மூவரும் ஒரே பக்கத்தில் குடியிருக்கிறார்கள். மூவருக்கும் மூதாதை ஓர் எல்லைக்கல்.

எல்லை என்றால் அந்தக் காலத்தில் இளப்பமான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அரசன் தனக்கு நம்பிக்கையானவனைத்தான் எல்லைக்கு அனுப்புவான். பகைவன் முதலில் வந்து மோதுவது அங்கேதானே! அப்படி எல்லைப் புறங்களைக் காத்தவர்களின் பட்டந்தான் 'மார்க்விஸ்'. இங்கிலாந்தின் பிரபுக்கள் வரிசையில் டியூக்குக்கு அடுத்த படி அதுதான். உள்நாட்டில் சுகமாக இருந்த ஏர்ல் அதற்குக் கீழேதான். டென்மார்க் என்ற நாட்டின் பெயரிலும் இந்த 'மார்க்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் நிற்பது ஒரு பதவியாக இருந்த காலம் அது.

புத்தகத்தின் ஓரத்துக்கும் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட மதிப்பு இருந்தது. ஓர் அரசனே அதைக் கண்டு அஞ்சியிருக்கிறான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் மேரி அரசியின் ஆட்சியில், மதக் கொள்கை காரணமாக உயிருக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடியவர்கள் பலர். அவர்களில் சிலர் ஜெனீவா நகரத்தில் தங்கி, பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1560இல் வெளியிட்டார்கள். சாதாரண மக்கள் வீட்டில் வைத்துப் படிப்பதற்கென்றே செய்த பதிப்பு. பக்கத்தின் ஓரங்களில் நெருக்கமாக விளக்கக் குறிப்புகள். நாட்டின் ஓரத்துக்கும் அப்பால் தள்ளப்பட்டவர்கள், தாளின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்று சொல்லலாம். அந்தப் புத்தகம் இங்கிலாந்தின் வீடுகளில் பரவியது.

1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஜேம்ஸ் அரசர் மதத் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். புதிய மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, ஜெனீவா பதிப்பைப் போல மோசமானது ஒன்றில்லை என்றார் அவர். அவருக்குக் கோபம் மூலத்தின் மேல் அல்ல, ஓரக் குறிப்புகளின் மேல். எடுத்துக்காட்டாக அவர் காட்டிய இடம் எகிப்து தேசத்து மருத்துவச்சிகளின் கதை. எபிரேயப் பெண்களுக்கு ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடுங்கள் என்று பாரவோன் மன்னன் ஆணையிடுகிறான். மருத்துவச்சிகள் கொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவர்களுக்குப் பிரசவம் ஆகிவிடுகிறது' என்று பொய் சொல்லிவிடுகிறார்கள். இந்த இடத்தில் ஜெனீவாக்காரர்கள் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டார்கள்: அவர்கள் பொய் சொன்னது தவறு, ஆனால் அரசனுக்குக் கீழ்ப்படிய மறுத்தது முறைதான்.

ஜேம்ஸுக்கு இது பொறுக்கவில்லை. அரசன் சொல்லை மறுக்கலாம் என்று புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்தால், குடிமகன் அதைத் தன் வீட்டில், விளக்கடியில், ஒருவரும் பாராமல் படித்துவிடுவானே! புதிய மொழிபெயர்ப்புக்கு விதிகள் வகுத்தபோது, ஓரக் குறிப்பே கூடாது, எபிரேய, கிரேக்கச் சொற்களை விளக்குவதற்கு மட்டும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம் என்று கட்டளை பிறந்தது. பச்சிளங் குழந்தையைக் கொல்லாத இரண்டு கிழவிகளைப் பாராட்டிய ஒரு வரிக்காக இத்தனை! அவர்கள் கிழவிகளா என்று புத்தகம் சொல்லவில்லை. மருத்துவச்சி என்றதும் எனக்கு எங்கள் ஊர்க் கிழவி ஒருத்திதான் நினைவுக்கு வருகிறாள்.

ஆனால் விதியை மதித்து நடந்த அந்த அறிஞர்கள் ஒரு நேர்த்தியான காரியம் செய்தார்கள். 1611இல் வெளிவந்த அவர்களுடைய பதிப்பின் ஓரங்களில் ஆயிரக்கணக்கான சிறு குறிப்புகள் இருக்கின்றன. 'இந்தச் சொல்லுக்கு இப்படியும் பொருள் கொள்ளலாம்', 'மூலத்தில் நேராக இவ்வாறு இருக்கிறது' என்று. வேத நூலிலேயே சந்தேகத்தைக் காட்டலாமா, அதன் அதிகாரம் குலைந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். முன்னுரையிலேயே பதில் சொல்லிவிட்டார்கள். தெளிவில்லாத இடத்தில் தெளிவு இருப்பது போல் நடிப்பது துணிச்சல். படிக்கிறவனுக்கு மாற்றுப் பொருளையும் காட்டிவிடுவதுதான் நேர்மை என்பது அவர்கள் கட்சி. ரோமாபுரியில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ், தம்முடைய லத்தீன் பதிப்பின் ஓரத்தில் பாடபேதம் எதையும் போடக் கூடாது என்று தடுத்ததையும் அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த 1590ஆம் ஆண்டுப் பதிப்பின் கதி என்ன ஆயிற்றென்றால், அதே ஆண்டில் போப் இறந்துபோனார். பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. 1592இல் திருத்திய பதிப்பு வந்தது. ஓரத்தில் திருத்தத்துக்கு இடம் தராதவருக்கு முழுப் புத்தகத்தையும் திருத்த வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோதுதான் மார்ஜின் என்பது என்ன என்று எனக்கு விளங்கியது போல் இருந்தது. 'நான் சொன்னது தவறாக இருக்கலாம். உன் கை வந்து எழுதுவதற்கு இதோ இடம்' என்று எழுதுகிறவன் விட்டு வைக்கிற வெற்றிடம் அது. வாத்தியாருக்காகப் பையன் விடுகிறான். வாசகனுக்காக அச்சுக்காரர் விடுகிறார். இங்கிலாந்துக் கவிஞர் கோல்ரிட்ஜ் நண்பர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்களின் ஓரமெல்லாம் எழுதித் தள்ளிவிடுவாராம். புத்தகத்தைப் பறிகொடுத்த சார்ல்ஸ் லாம், திரும்பி வரும்போது அதன் மதிப்பு கூடி வருகிறது என்று 1820இல் ஒரு கட்டுரையில் அதைக் கொண்டாடினார். (என்னிடம் இரவல் வாங்குகிறவர்கள் எழுதுவதும் இல்லை, திருப்பித் தருவதும் இல்லை.) பிரான்ஸில் ஃபெர்மா என்ற நீதிமன்ற அதிகாரி, கிரேக்கக் கணிதநூல் ஒன்றின் ஓரத்தில் ஒரு தேற்றத்தை எழுதிவிட்டு, இதற்கு அருமையான நிரூபணம் வைத்திருக்கிறேன், ஆனால் எழுத இந்த மார்ஜின் போதாது என்று முடித்துவிட்டார். அவர் இறந்த பிறகு, 1670இல் மகன் அந்தக் குறிப்புகளை அச்சிட்டார். மார்ஜினில் அடங்காத அந்த நிரூபணத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் 1995இல் வெளியிட்டபோது அது நூறு பக்கங்களுக்கு மேல் போயிற்று.

சொல்லின் அடுத்த பொருளைத் தேடி அகராதிக்குப் போகவே வேண்டாம். எங்கள் தெருக் கோடியில் இருக்கிற மளிகைக் கடைக்குப் போனால் போதும். "இதுல மார்ஜின் ரொம்பக் கம்மி சார்" என்பார் கடைக்காரர். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் தங்குகிற ஓரந்தான் அவருக்குச் சோறு. பங்குச் சந்தையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதற்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. பங்கை வாங்குகிறவன் தன் கையிலிருந்து கொஞ்சம் கட்டிவிட்டு, மீதியைத் தரகரிடம் கடனாகப் பெறுகிறான். அவன் கட்டிய அந்தக் கொஞ்சந்தான் மார்ஜின். 1920களில் அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்து கட்டினாலே போதும் என்ற அளவுக்கு இது போயிற்று. விலை ஏறும் வரையில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். 1929 அக்டோபரில் விலை சரிந்தது. 'இன்னும் பணம் கட்டு, இல்லாவிட்டால் விற்றுவிடுவேன்' என்று தரகர்கள் கேட்க, கட்ட முடியாதவர்களின் பங்குகள் விற்கப்பட, அதனால் விலை மேலும் சரிய, ஊரே கவிழ்ந்தது. எவ்வளவு மார்ஜின் வேண்டும் என்பதை அரசாங்க அமைப்பு ஒன்று நிர்ணயிக்கட்டும் என்று 1934இல் அங்கே சட்டம் போட்டார்கள்.

இந்தப் பத்துச் சதவிகிதத்தைப் பற்றி நினைக்கும்போது, பங்குச் சந்தையைக் கனவிலும் காணாத எத்தனையோ குடும்பங்கள் என் கண்முன் வருகின்றன. அவர்களுக்குப் பத்துச் சதவிகிதமும் கிடையாது. மாதம் முப்பது நாளும் கூலி வந்தால் கணக்கு நேராக நிற்கும். ஒரு காய்ச்சல், ஒரு மழை, ஒரு சாவு வந்தால் கணக்கு கோட்டைத் தாண்டிவிடும். நமக்கெல்லாம் ஒரு தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வேறு தேடலாம். பையன் ஒரு வருஷம் தேறாவிட்டால் மறு வருஷம் எழுதலாம். அவர்கள் வாழ்க்கையில் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் எழுதியாயிற்று. வெள்ளை இல்லை.

இப்போது அவர்களுக்கே 'விளிம்புநிலை மக்கள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். 1928இல் சிகாகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் ராபர்ட் பார்க் 'மார்ஜினல்' மனிதன் என்று எழுதியபோது, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் எதிலும் முழுதாகச் சேராமல் நிற்கிறவனைத்தான் அவர் சொன்னார். நாளடைவில் பொருள் விரிந்து, ஊரின் கணக்கில் சேராதவர்கள் எல்லோருக்கும் அது பெயராகிவிட்டது. எனக்கு ஒரு மயக்கம் உண்டு. மார்ஜின் என்பது பணிவோடு விட்டு வைக்கும் இடம் என்று சற்று முன்னால் மகிழ்ந்தேனே, அதே சொல் எப்படி மனிதரை ஒதுக்கித் தள்ளும் இடத்துக்கும் பெயராயிற்று? என் பக்கத்தில் நானே கோடு போட்டுக்கொண்டு, இதற்கு மேல் நான் எழுத மாட்டேன் என்று நிறுத்துவது ஒன்று. பிறர் பக்கத்தில் போய்க் கோடு கிழித்து, இதற்கு மேல் நீ வராதே என்று சொல்வது வேறொன்று. பார்வைக்கு இரண்டு கோடும் ஒன்றுதான். கிழித்தது யார் என்பதைக் கோடு சொல்லாது.

நம் கிராமங்களில் வரப்பு ஒன்றுதான், வயல்காரர் இருவர். ஒவ்வொரு உழவிலும் மண்வெட்டியால் தம் பக்கத்து வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போய், பிறகு கச்சேரி வரையில் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் ஓரம் என்ற சொல்லுக்குப் பக்கச்சார்பு என்றும் ஒரு பொருள் இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஓரவஞ்சனை என்கிறோம் அல்லவா? ஓரத்துக்கு நடுவில் நிற்கிறவன் செய்கிற வஞ்சனை என்று அதற்குப் புதிதாக ஒரு பொருள் சொல்லிப் பார்க்கலாம். இலக்கணப் பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இனிச் சுற்ற இடமில்லை. அந்த நோட்டுக்கு வருகிறேன்.

எழுத்தை நம்பி வாழ வருவதற்கு முன்னால் மூன்று ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கெட்டிக்காரன் என்றும் சொல்ல முடியாது, மக்கு என்றும் சொல்ல முடியாது. அவனுடைய சரித்திர நோட்டைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். பக்கத்தின் இடக்கோடியில் தொடங்கி வலக்கோடியில் தாள் முடிகிற இடம் வரையில் எழுதியிருப்பான். தலைப்புக்கும் கீழே இடம் விடமாட்டான். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. மார்ஜின் விட வேண்டும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியாயிற்று. ஒருநாள் சிவப்பு மையில், 'மார்ஜின் விட்டு எழுதவும்' என்று பெரிதாக எழுதினேன். எழுதுவதற்கு ஓரத்தில் இடம் இல்லை. ஆகவே அவனுடைய வரிகளின் மேலேயே, குறுக்கே எழுதினேன். அதன் கீழே இருந்த நான்கைந்து வரிகள் படிக்க முடியாமல் போயின. அவை சரியாக எழுதப்பட்டவை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் நோட்டு வந்தது. பென்சிலால் நேர்த்தியாகக் கோடு போட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு மார்ஜின் விட்டிருந்தான். எனக்கு மகிழ்ச்சி. புரட்டினேன். கேட்டிருந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு முழு விடை. இரண்டாவது விடை பின் அட்டையின் உட்புறத்தில் ஏறி, அங்கேயும் மார்ஜின் விட்டு, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. பத்துக்கு நான்கு போட்டேன். 'முழுமையாக எழுதவில்லை' என்று அவன் விட்டிருந்த அந்த மார்ஜினில் எழுதினேன். இந்த முறை எழுத வசதியாக இடம் இருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பையன்தான் எழுந்து நின்றான்.

"சார், அவன் நோட்டு தீர்ந்துபோச்சு சார். அடுத்த மாசந்தான் அவங்கம்மா வாங்கித் தருவாங்களாம். மார்ஜின் விடாம இருந்தா ஆண்டுப் பரீட்சை வரைக்கும் வந்திருக்குமாம் சார்."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். "நீ உட்கார்" என்றேன்.

அன்றைக்கு நான் செய்திருக்கக்கூடிய காரியங்கள் பல. என் பெட்டியில் பள்ளிக்கூடத்து வெள்ளைத்தாள் இரண்டு கை அளவு இருந்தது, எடுத்துக் கொடுத்திருக்கலாம். மீதி விடையை வாயால் சொல் என்று கேட்டிருக்கலாம். நான்கை அடித்துவிட்டு வேறு எண் போட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. வாத்தியார் போட்ட மார்க்கைப் பையன்கள் முன்னால் மாற்றினால் பிறகு வகுப்பை எப்படி நடத்துவது என்ற எண்ணந்தான். ஐந்தாம் சிக்ஸ்டஸுக்கும் இதே கவலைதான் இருந்திருக்க வேண்டும். அவர் போப், நான் மாதச் சம்பள வாத்தியார், அவ்வளவுதான் வேறுபாடு. மாலையில் மார்க்குகளைப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினேன். அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் அச்சடித்த அகலமான மார்ஜின் இருந்தது. திருத்தம் இருந்தால் அதில் குறித்துச் சிறு கையெழுத்து இட வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுகளில் அதில் நான் ஒரு திருத்தமும் எழுதியதில்லை.

அடுத்த ஆண்டு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். அந்தப் பையன் எட்டாம் வகுப்புக்குப் போனானா என்று விசாரிக்கவில்லை.

பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் மறந்துவிட்டான். அவன் நோட்டில் மார்ஜின் மூன்று விரல் அகலம் இருக்கிறது. தாளைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. நேற்று இரவு இந்தக் கட்டுரையை எழுதும்போது, ஒரு பக்கத்திலாவது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் எழுதிப் பார்க்கலாம் என்று முயன்றேன். முடியவில்லை. பழகிய கை, கோடே இல்லாத இடத்திலும் இரண்டு விரல் தள்ளித்தான் வரியைத் தொடங்குகிறது.